46 எழுத்துக்கு அந்தப் பக்கம்: டோக்கியோவில் ஒரு மன்னார்குடிக் குடும்பம்

எங்கள் வீட்டுச் சமையலறையில், எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அடியில், ஐந்து மாதம் ஒரு புத்தகம் கிடந்தது. 2019 மே மாதம் தபால் பெட்டியில் வந்தது. அட்டையில் வரைபடமும் பெரிய எழுத்தும். பீட்சா கடை நோட்டீஸ், வீட்டுத் தரகர் நோட்டீஸ் என்று அந்தப் பெட்டியில் தினமும் ஏதாவது விழும். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டேன். வழவழப்பான தாள், பிசுக்கு ஒட்டாது என்று அடுப்பு மேடையில் விரித்தேன்.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் ஹகிபிஸ் புயல் டோக்கியோ பக்கம் வருகிறது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், அதுவரை எங்களுக்குள் புன்னகையும் குனிந்த தலையும் கைச்சாடையும்தான் பேச்சு. அவர் கையில் அதே புத்தகம். அட்டையில் ஓரிடத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஆறு மாதம் முடித்திருந்த என் மகள் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இங்கே இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும்மா."

எங்கள் எடோகாவா வார்டு அந்த வருடம் வீடு வீடாக அனுப்பிய வெள்ள அபாய வரைபடம் அது. அரகாவா, எடோகாவா என்று இரண்டு பெரிய ஆறுகள், தெற்கே டோக்கியோ வளைகுடா. வார்டின் நிலத்தில் சுமார் எழுபது சதவீதம் கடல் பெருகும் நேரத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. பெருவெள்ளம் வரும் என்றால் வார்டைவிட்டே வெளியே போங்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னதால் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்ட புத்தகம். அட்டையில் இருந்த அந்த வரியில் 'கஞ்சி' எனப்படும் கடினமான சீன எழுத்து ஒன்றுகூட இல்லை. சின்னப் பிள்ளையும் படிக்கட்டும் என்று வெறும் ஒலியெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பிள்ளை படித்துவிட்டாள். அதன்மேல் நான் ஐந்து மாதம் எண்ணெய்ப் பாத்திரம் வைத்திருந்தேன்.

அன்று இரவே மேற்கு டோக்கியோவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். அரகாவாவின் கரை உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது வீடு உலர்ந்தே இருந்தது. எனக்குத்தான் உள்ளே ஏதோ உடைந்திருந்தது.

பயிற்சி ஒருவருக்கு, ஊர் இன்னொருவருக்கு

நாங்கள் வந்தது 2019 பிப்ரவரி கடைசியில். என் வீட்டுக்காரருக்கு சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. ஆன்சைட் ஆர்டர் வந்ததும் கம்பெனி அவருக்கு மூன்று மாதம் ஜப்பானிய மொழி வகுப்பு வைத்தது. எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும், விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையாலும் நீட்ட வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கிடைத்தது டிபெண்டன்ட் விசா. ஜப்பானில் அதற்கு 'கசோகு தைசாய்' என்று பெயர். குடும்பத்தோடு தங்க வந்தவர் என்று அர்த்தம். தனியாக அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பத்து வருடம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு முதலில் உறுத்தியது அந்த 28தான். ஆனால் வந்த ஒரு வாரத்தில் அதைவிடப் பெரிய விஷயம் புரிந்தது. காலை ஏழரைக்குக் கிளம்பி, பாதிப் பேர் ஆங்கிலம் பேசும் ஆபீஸுக்குப் போய், இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவருக்கு டோக்கியோ என்பது ஒரு ரயிலும் ஒரு மேஜையும். பள்ளிக்கூடம், வார்டு ஆபீஸ், டாக்டர், குப்பை, கேஸ்காரர், பக்கத்து வீடு, மீன் கலக்காத உணவு எது என்ற தேடல், இத்தனையும் என் தலையில். மொழி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு எழுத்தும் சொல்லித் தராமல் விமானம் ஏற்றுகிறோம். எங்கள் குடியிருப்பில் நான் பழகிய தமிழ், தெலுங்கு, மராத்திக் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து இறங்கின.

நாங்கள் இருக்கும் நிஷிகசாய்க்கு இந்தியர்கள் வந்த கதையே ஒரு கணினிக் கோளாறில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்த நேரத்தில், அதைச் சரிசெய்ய ஜப்பானிய வங்கிகளும் நிறுவனங்களும் இந்திய இன்ஜினியர்களை வரவழைத்தன. பணம் புழங்கும் ஓதேமாச்சிக்கும் நிஹோன்பாஷிக்கும் இங்கிருந்து தோசாய் லைன் ரயிலில் கால் மணி நேரம்தான். 1970களின் இறுதியிலிருந்தே இங்கே குடியிருந்த தேயிலை வியாபாரி ஜக்மோகன் சந்திராணி, வந்த பையன்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார், சாப்பாட்டுக்கு வழி செய்தார். ஒருவர் பின்னால் ஒருவராக ஊர் சேர்ந்தது. 2019 ஏப்ரலில், நாங்கள் வந்த இரண்டாம் மாதம், இந்தியாவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக் எங்கள் வார்டு மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜப்பானில் இருக்கும் இந்தியர்கள் எண்ணிக்கை 2024இல் 50,000த்தைத் தாண்டியது. அவர்களில் அதிகம் பேர் குடியிருக்கும் வார்டுகளில் எடோகாவாவுக்குத் தனி இடம் உண்டு.

தோசாய் லைனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2019 கணக்குப்படி, காலை நெரிசல் நேரத்தில் கிபாவிலிருந்து மொன்ஸென்நகாச்சோ வரை 199 சதவீதம் கூட்டம். நாட்டிலேயே மோசமான நெரிசல்களில் ஒன்று. நூறு பேர் போகும் பெட்டியில் இருநூறு பேர். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க அடக்கிவைத்த பேச்சு.

வீடு கிடைத்தது கதையாகச் சொல்லும் அளவுக்குச் சிரமமாக இல்லை. தனியார் வீடு என்றால் முன்பணம் போக 'ரெய்கின்' என்று ஒரு தொகை, வீட்டு உரிமையாளருக்கு நன்றிக் காணிக்கையாகத் தர வேண்டும். அது திரும்பி வராது. அதன் மேல் ஜாமீன், தரகு. 'யு.ஆர்.' என்ற பொதுத்துறைக் குடியிருப்பில் இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் நிஷிகசாயைச் சுற்றியுள்ள அந்த அடுக்குமாடிகளின் பால்கனிகளில் ஜப்பானிய மெத்தைகளுக்குப் பக்கத்தில் நம்மூர்ப் புடவைகள் காய்கின்றன.

காக்கைக்கு வலை

வாரம் இரண்டு நாள் எரியும் குப்பை. ஒரு நாள் பாட்டில், டப்பா, பேப்பர். மாதம் இரண்டு முறை எரியாத குப்பை. காலை எட்டு மணிக்குள் குறித்த இடத்தில் வைத்துவிட வேண்டும். தப்பான நாளில் வைத்தால் பையில் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். மூன்று முறை என் பை அப்படி நின்றது. ஊரே பார்க்க என் வீட்டுக் குப்பை தனியாக நிற்பதைப் பால்கனியிலிருந்து பார்த்தபோது, எதற்கு வந்தோம் என்று அழுதிருக்கிறேன்.

குப்பைப் பைகள் மேல் பச்சை வலை போட்டு மூடுவார்கள், காகம் கிழிக்காமல் இருக்க. டோக்கியோ காகம் நம்மூர்க் காகத்தைவிடப் பெரியது, அலகு தடித்தது. மன்னார்குடியில் அமாவாசைக்கு அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது வந்து எடுக்கும்வரை யாருக்கும் இலை போட மாட்டார். வரவில்லை என்றால் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டே நிற்பார். இங்கே வந்த முதல் அமாவாசைக்கு நானும் பால்கனிக் கட்டையில் ஒரு கவளம் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டார். திட்டவில்லை, இரண்டு கையையும் பெருக்கல் குறி போல மார்புக்கு முன்னால் வைத்துக் காட்டினார். இங்கே கூடாது என்றால் அதுதான் சைகை. அப்புறம் மெதுவாகச் சோற்றைச் சுட்டி, 'ஏன்?' என்பது போலப் பார்த்தார். இறந்துபோன அப்பாவுக்கு என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. வானத்தைக் காட்டினேன், கும்பிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, என்னோடு சேர்ந்து தானும் கும்பிட்டார்.

குச்சிக்கு ஒரு பெயர்

ஜப்பானில் பள்ளி ஏப்ரலில் தொடங்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயமில்லை, கேட்டால் வார்டு பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு. பெரும்பாலானவர்கள் அங்கேதான் சேர்த்தார்கள். ஊர் திரும்பினால் பிள்ளை தடுமாறக் கூடாதே என்ற நியாயமான கவலை. நாங்கள் செலவை யோசித்து வார்டு பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது திரும்பிப் பார்த்தால் எங்கள் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவு அது.

சேர்ந்த வாரம் கணக்குப் பெட்டி ஒன்று தந்தார்கள். உள்ளே எண்ணிப் பழக வண்ணக் குச்சிகள், வில்லைகள், சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பெட்டியில் இல்லை, ஒவ்வொரு குச்சியிலும்! நெல்மணி நீள ஸ்டிக்கரில் ஜப்பானிய எழுத்தில் மகள் பெயரை எழுதி, குண்டூசி முனையால் எடுத்து ஒட்டினேன். இரவு ஒரு மணி ஆகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் நான் முதன்முதலாக எழுதிய சொல் என் மகளின் பெயர். அன்றே மீதி எழுத்துகளையும் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

தரை துடைக்கத் துணி தைத்து அனுப்பச் சொன்னார்கள். அங்கே வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரோட்டு ஈரிழைத் துண்டை நான்காக மடித்துத் தைத்தேன். மாலை மகள் வந்து, "என்னோடதுதான்மா நல்லா தண்ணி குடிக்குது, டீச்சர் கேட்டாங்க" என்றாள்.

மதியச் சாப்பாடுதான் பெரிய போராட்டம். நாங்கள் சைவம். மாதத் தொடக்கத்தில் சாப்பாட்டுப் பட்டியல் வரும். கறி என்ற எழுத்தையும் மீன் என்ற எழுத்தையும் அடையாளம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அவை இருக்கும் இடத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போடுவேன். ஆனால் அதில் எழுதாத ஒன்று எல்லாவற்றிலும் இருந்தது: தாஷி. ஜப்பானியச் சமையலுக்கு அது சாறு. வேகவைத்துப் புகையிட்டுக் கட்டைபோல உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பார்கள். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், நம்முடைய மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு அது. பச்சைக்கீரை மசியலில்கூட அது இருக்கும். கடைசியில் பள்ளி சம்மதித்து, மகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனாள். இங்கே வெண்டைக்காய்க்குப் பெயர் 'ஒகுரா', பாகற்காய் ஒகினாவா தீவின் பெருமை, வெள்ளை முள்ளங்கி கைத்தடி நீளம். முள்ளங்கி சாம்பாருக்கு இவ்வளவு பொருத்தமான நாடு வேறு இருக்காது. மாவு மட்டும் குளிர்காலத்தில் பொங்காது. போர்வைக்குள் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் குழந்தையைப் போலக் காவல் காக்க வேண்டும்.

இப்படியே போனதில் மகள் ஜப்பானியம் பேச ஆரம்பித்தாள். முதலில் வீட்டு வாசலில், பிறகு போனில், பிறகு வார்டு ஆபீஸ் கவுன்ட்டரில். ஒன்றாம் வகுப்பிலேயே 80 கஞ்சி எழுத்து. 'பிள்ளை என்னமா பேசுது' என்று ஊருக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2021 அக்டோபர் 7, இரவு 10.41. மூன்று செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. ஜப்பானில் இருந்தவர்கள் அந்த ஒலியை மறக்க மாட்டார்கள். 'ஜிஷின் தெஸ்', நிலநடுக்கம் என்று திரும்பத் திரும்பச் சொல்லும். சில நொடியில் கட்டடம் கப்பல் போல ஆடியது. சிபா மாவட்டத்தின் வடமேற்கில் மையம், அளவு 5.9. டோக்கியோவின் அடாச்சி வார்டில், ஜப்பானிய அதிர்வுக் கணக்கில், ஐந்தின் மேல்படி அளவுக்குக் குலுங்கியது. 2011க்குப் பிறகு நகரில் அவ்வளவு அதிர்வு அதுவே முதல்முறை. நான் அடுப்பின் முன் சிலையாக நின்றேன். மகள் படுக்கையிலிருந்து இறங்கி, பள்ளி நாற்காலியில் போட்டிருக்கும் பஞ்சுக் குல்லாயைப் போல ஒரு மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நேராக வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்து செருப்பை இடுக்கில் சொருகினாள். நிலை கோணிக்கொண்டால் கதவு திறக்காது. "அம்மா, கேஸை அணை! மேஜைக்கு அடியில வா!" ஒன்பது வயது. பள்ளியில் விடாமல் நடத்தும் ஒத்திகை அவள் உடம்பில் ஊறியிருந்தது.

சொல்லக் கூடாத இடத்தில்

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு அடிவயிற்று வலி. மாதவிலக்கு நிற்காமல் போனது. வீட்டுக்காரருக்கு அன்று வர முடியவில்லை. அருகில் இருந்த மருத்துவமனையில் ஆங்கிலம் பேசுகிறவர் இல்லை, மொழிபெயர்ப்பாளரோடு வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் காட்டினார்கள். எனக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர் மகள்தான். பள்ளி விட்டதும் பையோடு வந்தாள்.

டாக்டர் கேட்க, அவள் எனக்குச் சொன்னாள். நான் சொல்ல, அவள் அவருக்குச் சொன்னாள். எத்தனை நாளாக, எவ்வளவு, எந்த நிறம். முந்தைய பிரசவம் எப்படி, கரு கலைந்ததுண்டா. கலைந்தது உண்டு. அவளுக்கு முன்னால் ஒன்று. அவளுக்குத் தெரியாது. அந்தச் சொல் வந்தபோது மகள் நின்றாள். "அம்மா, இவங்க கேக்கறது எனக்குத் தமிழ்லயும் தெரியல." டாக்டர் தலை குனிந்து கொண்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று பொய் சொன்னேன். டாக்டரிடம், என் சொந்த உடம்பைப் பற்றி.

பிறகு வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். சாதாரண நார்க்கட்டி. மருந்தில் அடங்கியது. ஆனால் அந்தப் பொய் அடங்கவில்லை. பிள்ளை மொழி பேசுகிறது என்று பெருமைப்பட்ட இரண்டு வருடமும், பெரியவர்கள் சுமக்க வேண்டியதை அவள் தோளில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாப்பிட்டுப் பார்

அடுத்த வாரமே சமுதாயக் கூடத்தில் நடக்கும் இலவச வகுப்பில் சேர்ந்தேன். ஓய்வுபெற்றவர்கள் தொண்டாகச் சொல்லித் தரும் வகுப்பு. எனக்கு வாய்த்த ஆசிரியை அறுபத்தெட்டு வயதுக்காரர். நான் தமிழ் பேசுகிறவள் என்றதும் கண் விரிந்தது. 1998இல் ஷிபுயா தியேட்டரில் 'முத்து' படத்தை மூன்று முறை பார்த்தவராம். 'ஆடும் மகாராஜா' என்ற பொருளில் ஜப்பானியப் பெயர் வைத்து ஓடிய படம். ரஜினி தலைமுடியைக் கோதுவதை வகுப்பிலேயே செய்து காட்டினார்.

நான் பயந்தது போல ஜப்பானியம் அந்நியமாக இல்லை. வினைச்சொல் கடைசியில் வருகிறது, நம்மைப் போல. வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது, நம்மைப் போல. 'வருவார் என்று சொன்னார்' என்பதை அதே வரிசையில், 'என்று' இருக்கும் இடத்தில் 'தொ' வைத்துச் சொல்லலாம். ஒரு நாள் ஆசிரியை 'தாபெதே மிரு' என்று பலகையில் எழுதினார். தாபெதே என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! ஆங்கிலத்தில் இதை இப்படிச் சொல்ல முடியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு ஓடி மகளிடம் சொன்னேன். அவள் யோசித்து, "அப்ப 'தாபெதே ஷிமத்தா'ன்னா சாப்பிட்டுட்டேன்னு சொல்ற மாதிரியாம்மா?" என்றாள். ஆமாம். அதுவரை தமிழ் என்றால் பாட்டியோடு பேசும் போன் என்று இருந்தவள், அதன்பின் இரண்டு மொழியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு வாதாடினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் சண்முகதாஸும் மனோன்மணியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியம் கைக்கு அடங்குகிறது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

2022 டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்தாம் நிலை, அடுத்த டிசம்பரில் அதற்கு மேலான நான்காம் நிலை. இன்று வார்டு ஆபீஸ் கவுன்ட்டரில் நானே பேசுகிறேன். போன வருடம் மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். அதே கேள்வியைக் கேட்டார்கள். உண்டு, ஒரு முறை, என்று என் வாயால் சொன்னேன். மகளுக்கும் இப்போது தெரியும். வீட்டில் உட்காரவைத்து, தமிழில், நான்தான் சொன்னேன்.

2019 ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றம் மொழிக் கல்வியை வளர்க்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் நிறுவனம், ஊழியரோடு அவருடைய குடும்பத்துக்கும் மொழி கற்க வாய்ப்புத் தர முயல வேண்டும் என்று அதில் இருக்கிறது. முயல வேண்டும் என்ற அளவில்தான் இருக்கிறது. அதனால் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். ஆன்சைட் ஆர்டர் கையில் வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, சம்பளமும் வாடகையும் பேசும் அதே மேஜையில் இதையும் கேளுங்கள்: கூட வருகிறவருக்கு வகுப்பு உண்டா? இல்லை என்று சொன்னால் உங்கள் பாடப் புத்தகத்தை இரவு வீட்டில் விரித்து வையுங்கள். ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46. நாளைக்கு இரண்டு என்றால் 23 நாள். விசாவுக்கான சான்றிதழ் வரவே அதைவிட அதிக நாளாகும்.